கல்லூரி ஐஸ் ஹாக்கிக்கு வரும் இளம் வீரர்களை எடைபோட எந்தச் சேவைக்குக் காசு கொடுக்கலாம்?

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் அடுத்து வரப்போகும் வீரர்களைப் பற்றிச் சொல்ல இன்று பலர் கடை விரித்திருக்கிறார்கள். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் சென்ட்ரல் ஸ்கவுட்டிங் பிரிவு தரும் தரவரிசை ஒருபக்கம், எலீட் ப்ராஸ்பெக்ட்ஸ் மாதிரியான புள்ளிவிவரக் களஞ்சியம் ஒருபக்கம். ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று மதிப்பிடும் சந்தாத் தளங்கள், ஒரு லீக்கின் புள்ளிகளை இன்னொரு லீக்குக்கு மாற்றித் தரும் கணக்கீடுகள், ஹட்ல் இன்ஸ்டாட் போன்ற வீடியோ சேவைகள் என்று இன்னும் இருக்கின்றன. நமக்கு வேண்டிய பதில் ஒன்றே ஒன்று: இந்தப் பையன் கல்லூரிக்கு வந்த முதல் வருடமே மேல் இரண்டு வரிசைகளில் (அதிக நேரம் ஆடும் மூவர் குழுக்களில்) ஆடுவானா, மூன்றாம் வருடம்தான் தேறுவானா, அல்லது பெஞ்சிலேயே இருந்துவிடுவானா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரவரிசைக்கும் நட்சத்திரத்துக்கும் காசு கொடுக்க வேண்டாம். முழு ஆட்ட வீடியோவுக்குக் கொடுங்கள். அதற்கும் முன்னால், இலவசமாகக் கிடைக்கும் ஒரு தகவலை ஒழுங்காகப் படியுங்கள்: பிறந்த தேதி.

எலீட் ப்ராஸ்பெக்ட்ஸின் இலவசப் பக்கமே இதற்குப் போதும். வீரரின் பெயரைத் தட்டினால் பிறந்த தேதி, உயரம், எடை, எந்தக் கையால் ஆடுகிறார், எந்தப் பருவத்தில் எந்த லீக்கில் எத்தனை ஆட்டம், எத்தனை புள்ளி என எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவிய அசிஸ்ட்டுக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்ததுதான் புள்ளி.) பெரும்பாலானவர்கள் நேராகப் புள்ளிக் கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். வயதை வைத்துப் பார்க்காத புள்ளிக்கு அர்த்தமே இல்லை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி ஹாக்கி வீரர்கள் 21-ஆம் பிறந்தநாள் வரை ஜூனியர் லீக்கில் (கல்லூரிக்கு முந்தைய இளையோர் லீக்) ஆடிவிட்டுக் கல்லூரிக்கு வரலாம், தகுதி குறையாது. அதனால் முதலாண்டு மாணவர்களிலேயே 17 வயதுக்காரரும் இருப்பார், 21 வயதுக்காரரும் இருப்பார். ஒருவர் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறார், மற்றவர் ஏறத்தாழ வளர்ந்து முடிந்துவிட்டார்.

இரண்டு வீரர்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஆடம் ஃபான்டிலி 2021-22 பருவத்தில் சிகாகோ ஸ்டீல் அணிக்காக, அமெரிக்காவின் முதன்மை ஜூனியர் லீக்கான யுஎஸ்எச்எல்லில் 54 ஆட்டங்களில் 74 புள்ளிகள் எடுத்தார். மறு ஆண்டு அதே அணியில் மேக்லின் செலப்ரினி 50 ஆட்டங்களில் 86. ஆட்டத்துக்கு 1.37, 1.72. செலப்ரினி மேல் என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது. ஆனால் எவ்வளவு மேல் என்பதைப் பிறந்த தேதிதான் சொல்கிறது. ஃபான்டிலி பிறந்தது 2004 அக்டோபர் 12, செலப்ரினி 2006 ஜூன் 13. அந்தந்தப் பருவத்தின் தொடக்கத்தில் செலப்ரினி எட்டு மாதம் இளையவர். 16 வயதில் எட்டு மாதம் என்பது பெரிய இடைவெளி. காலின் வலு, தோளின் அகலம், ஐஸில் முதல் மூன்று அடிகளின் வேகம் எல்லாமே அதற்குள் மாறிவிடும். கல்லூரியில் ஃபான்டிலி மிச்சிகனுக்காக 36 ஆட்டங்களில் 65 புள்ளிகள், செலப்ரினி பாஸ்டன் யுனிவர்சிட்டிக்காக 38 ஆட்டங்களில் 64. இருவருமே முதலாண்டிலேயே, கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருது வாங்கினார்கள், ஒருவர் 2023-இல், மற்றவர் 2024-இல். அந்த விருதை வாங்கியவர்களிலேயே மிக இளையவர் செலப்ரினிதான்.

பிறந்த தேதியில் இன்னொரு கோடும் இருக்கிறது. செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான் அந்த ஆண்டு என்எச்எல் டிராஃப்ட் (அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வு). ஃபான்டிலி அந்தக் கோட்டை நான்கு வாரத்தில் தவறவிட்டதால் 2022-க்குப் பதில் 2023 டிராஃப்டுக்குப் போனார். எதிர்ப்புறத்தில் ஜானி கோட்ரோ: 1993 ஆகஸ்ட் 13-இல் பிறந்தவர், ஐந்து வாரம் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த டிராஃப்டுக்கு நகர்ந்திருப்பார். 2010-11 பருவம் முழுக்க 17 வயதிலேயே யுஎஸ்எச்எல்லின் டுபுக் அணிக்காக 60 ஆட்டங்களில் 72 புள்ளிகள் எடுத்தும் 2011-இல் நான்காம் சுற்றில், 104-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். உருவம் சிறியது என்ற ஒரே கவலை. பாஸ்டன் காலேஜில் மூன்றாம் ஆண்டில் 40 ஆட்டங்களில் 80 புள்ளிகள். உயரத்தைப் பார்த்தவர்கள் வயதையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அவர் அவ்வளவு கீழே போயிருக்க மாட்டார்.

எலீட் ப்ராஸ்பெக்ட்ஸின் குறை என்னவென்றால், முதல் பக்கத்தில் தெரியும் புள்ளிகள் எல்லாம் ஒரே மூட்டை. பவர் பிளேயில் (எதிரணி ஆள் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது) வந்ததா, ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் வந்ததா, கோலுக்குச் சற்று முந்தைய பாஸான முதல் அசிஸ்ட்டா, அதற்கும் முந்தைய இரண்டாம் அசிஸ்ட்டா என்று அங்கே பிரிந்து கிடைக்காது. இதை நாமே பிரித்தெடுக்கலாம். அந்த லீக்கின் சொந்த இணையதளத்தில் ஆட்டவாரியான அறிக்கை இருக்கும். கடைசி 20 ஆட்டங்களைத் திறந்து, ஐந்துக்கு ஐந்தில் வந்த கோல்களையும் முதல் அசிஸ்ட்டுகளையும் மட்டும் எண்ணுங்கள். ஒரு மணி நேர வேலை. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்று இருப்பவர், இப்படி வடிகட்டினால் 0.3-க்கு இறங்கினால் அவரை நம்பி எதிர்பார்ப்பு வளர்க்க வேண்டாம். கல்லூரிக்கு வந்ததும் பவர் பிளேயின் முதல் குழுவில் அவருக்கு முன்னால் மூன்றாம், நான்காம் ஆண்டு ஆட்கள் நிற்பார்கள்; ஜூனியரில் அவருக்குச் சோறு போட்ட அந்த இடம் இங்கே கிடைக்காது.

அடுத்தது லீக் மாற்றுக் கணக்கு. ஹாக்கிப் புள்ளிவிவர ஆய்வாளர் கேப்ரியல் டெஸ்ஜார்டின்ஸ் பிரபலப்படுத்திய முறை இது. ஒரு லீக்கிலிருந்து இன்னொரு லீக்குக்கு மாறியவர்கள் பழைய வேகத்தில் எத்தனை பங்கைத் தக்கவைத்தார்கள் என்று சராசரி எடுத்து, அந்தப் பெருக்கு எண்ணை எல்லோருக்கும் பொருத்துவார்கள். கருத்து நல்ல கருத்துதான். ஆனால் தனி ஆளுக்குப் பொருத்தும்போது எவ்வளவு ஆட்டம் காட்டுகிறது என்று பாருங்கள். டைசன் ஜோஸ்ட் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா ஜூனியர் லீக்கான பிசிஎச்எல்லில் 48 ஆட்டங்களில் 104 புள்ளிகள், நார்த் டகோட்டாவில் 33-இல் 35: ஆட்டத்துக்கு 2.17 என்பது 1.06 ஆயிற்று, பாதிக்குக் கொஞ்சம் கீழே. அதே லீக்கிலிருந்து வந்த அலெக்ஸ் நியூஹுக் 53-இல் 102, பாஸ்டன் காலேஜில் 34-இல் 42: ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியது. யுஎஸ்எச்எல்லிலிருந்து வந்த கோட்ரோ முதலாண்டில் 44 ஆட்டங்களில் 44, அதாவது ஆறில் ஐந்து பங்கு. கைல் கானரோ அதே லீக்கின் யங்ஸ்டவுன் அணியில் 56-இல் 80 எடுத்தவர், மிச்சிகனில் 38-இல் 71 எடுத்துப் பழைய வேகத்தையே தாண்டினார்.

பிசிஎச்எல் புள்ளி சுருங்குவதும் யுஎஸ்எச்எல் புள்ளி அவ்வளவு சுருங்காததும் லீக்கின் தரத்தால். பெருக்கு எண் அதைப் பிடித்துவிடும். கானரின் பக்கத்தில் ஜே.டி. கோம்ஃபரும் டைலர் மோட்டும் ஆடினார்கள் என்பதை அது பிடிக்காது. மிச்சிகனின் அந்த வரிசையே அந்தப் பருவத்தில் எதிரணிகளைச் சூறையாடியது. எனவே மாற்று எண்ணைப் பார்த்த கையோடு, போகப்போகும் கல்லூரியில் அவர் பக்கத்தில் யார் ஆடப்போகிறார்கள் என்பதையும் பாருங்கள். இன்னொன்று, மேலே சொன்னவர்கள் எல்லாம் உச்சத்தில் இருந்தவர்கள். மூன்றாம் வரிசைக்கு வரும் சாதாரண வீரருக்குப் புள்ளி குறைவது இதைவிடக் கடுமையாகவே இருக்கும், ஏனென்றால் ஆடும் நேரமே பாதியாகிவிடும்.

இந்தக் கணக்குகளில் இப்போது ஒரு பெரிய ஓட்டையும் விழுந்திருக்கிறது. கனடாவின் ஓஎச்எல், டபிள்யூஎச்எல், கியூஎம்ஜேஎச்எல் ஆகிய மூன்று ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களுக்கு என்சிஏஏ கதவு நெடுங்காலம் மூடியிருந்தது. 2024 நவம்பரில் விதி மாறி, 2025 ஆகஸ்ட் 1 முதல் திறந்தது. டபிள்யூஎச்எல்லின் மெடிசின் ஹாட் அணியில் 56 ஆட்டங்களில் 129 புள்ளிகள் எடுத்த கேவின் மெக்கென்னா பென் ஸ்டேட்டுக்குப் போனது அந்தக் கதவு வழியாகத்தான். அதற்கு முன் இந்த லீக்குகளிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போனவர்கள் அநேகமாக இல்லாததால், யாராவது டபிள்யூஎச்எல்-கல்லூரி மாற்று எண் என்று கொடுத்தால் அது வேறு லீக்குகள் வழியாகச் சுற்றி வந்த ஊகமாகவோ மிகச் சில பேரை வைத்த சராசரியாகவோதான் இருக்கும். முடிவுக்கு வரப் போதாது. யுஎஸ்எச்எல் பையன்களின் பழைய எண்களும் நழுவும்: 19, 20 வயதுக் கனடிய ஜூனியர்கள் வந்து சேரச் சேர, 18 வயது அமெரிக்கப் பையனுக்கு முதலாண்டில் கிடைத்த இடம் குறுகும்.

சென்ட்ரல் ஸ்கவுட்டிங் பட்டியலைப் பொறுத்தவரை, அது எதற்காக உண்டாக்கப்பட்டதோ அதற்கு நல்ல பட்டியல். அதைக் கல்லூரிக்கு வருபவர்களை மதிப்பிடப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல். ஜனவரியில் இடைக்காலப் பட்டியல், ஏப்ரலில் இறுதிப் பட்டியல். வட அமெரிக்க ஆட்டக்காரர்கள், வட அமெரிக்க கோலிகள் (கோல் காப்பவர்கள்), வெளிநாட்டு ஆட்டக்காரர்கள், வெளிநாட்டு கோலிகள் என்று நான்கு தனிப் பட்டியல்கள். வட அமெரிக்கப் பட்டியலில் 40-ஆம் இடம் என்றால் டிராஃப்டில் 40-ஆவது ஆள் என்று படித்துவிடக் கூடாது. மற்ற மூன்று பட்டியல்களும் இடையில் வந்து புகும், உண்மையான இடம் கணிசமாகக் கீழே போகும். டிராஃப்டில் மொத்தமே ஏழு சுற்று, 32 அணி, 224 பேர், அதுவும் உலகம் முழுக்க. முதல்நிலையான டிவிஷன் ஒன்னில் ஆடும் அறுபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் வருபவர்களில் பெரும்பாலோர் இந்தப் பட்டியலில் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மார்ட்டின் சான் லூயி வெர்மான்ட்டில் ஆடினார், டோரி க்ரூக் மிச்சிகன் ஸ்டேட்டில். இருவரையும் எந்த என்எச்எல் அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. சான் லூயி 2018-இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார். பட்டியலில் பெயர் இருந்தால் நல்லது. இல்லை என்பதால் எதுவும் முடிவாகிவிடாது.

நட்சத்திரத் தளங்களைச் செய்தித்தளமாக மட்டும் பாருங்கள். யார் எந்தக் கல்லூரிக்கு வாக்குக் கொடுத்தார் என்பது அங்கே சீக்கிரம் தெரியும், அந்த வகையில் பயன் உண்டு. நட்சத்திர எண்ணிக்கையின் குறை, அது எப்போது கொடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. கல்லூரிப் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பின் நடுவே, ஜனவரி 1 முதல் ஒரு பையனுடன் பேசலாம். பதினொன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 முதல் இடம் தருவதாகச் சொல்லலாம். எனவே பரபரப்பான நட்சத்திரங்கள் 15, 16 வயதில் ஒட்டப்படுகின்றன. அந்த வயதில் சீக்கிரம் உடம்பு வைத்தவர்கள் முன்னால் தெரிவார்கள், பிந்தி வளர்பவர்கள் தெரிய மாட்டார்கள். நட்சத்திரம் எந்தத் தேதியில் போடப்பட்டது, அதன்பின் திருத்தினார்களா என்பதைச் சொல்லாத தளத்துக்குச் சந்தா கட்ட வேண்டியதில்லை. வாய்மொழி வாக்குறுதி யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் மறக்க வேண்டாம். வீரரைக் கல்லூரியோடு கட்டிப்போட்ட, முன்பு இருந்த தேசிய உறுதிக் கடித முறையும் 2024-இல் நீக்கப்பட்டுவிட்டது.

இனி வீடியோ. காசு போக வேண்டிய இடம் இது. ஹட்ல் இன்ஸ்டாட் போன்ற சேவையின் அருமை, ஒரு வீரரின் ஷிஃப்டுகளை (ஐஸில் இறங்கி ஆடும் நேரத் துண்டுகளை) மட்டும் வெட்டி அடுக்கித் தருவதில் இருக்கிறது. ஒரு முழு ஆட்டத்தை இரண்டரை மணி நேரம் பார்ப்பதற்குப் பதில், அவர் ஐஸில் இருந்த பதினைந்து, இருபது நிமிடத்தை மட்டும் பார்க்கலாம். இது முக்கியமாக அணிகளுக்காகவும் ஏஜென்டுகளுக்காகவும் அமைந்த சேவை. தனி ரசிகருக்கு லீக்கின் கட்டண நேரலைப் பதிவே போதும், தள்ளித் தள்ளிப் பார்க்கும் பொறுமை மட்டும் வேண்டும். எதை வாங்கினாலும் வீரரின் தரப்பு வெளியிடும் சிறப்புக் காட்சித் தொகுப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் அவர் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) இழந்த காட்சி ஒன்றுகூட இருக்காது.

மூன்று ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று லீக்கின் வலுவான அணிக்கு எதிராக. இன்னொன்று அடுத்தடுத்த இரு இரவுகளில் இரண்டாவது இரவு. களைத்த கால்களில் ஸ்கேட்டிங்கின் குறை ஒளியாது. மூன்றாவது வெளியூர் ஆட்டம். ஒவ்வொரு முறை ஆட்டம் நின்று தொடங்கும்போதும் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உள்ளூர்ப் பயிற்சியாளருக்குத்தான், ஆகவே வெளியூரில் நம் பையனுக்கு எதிராக அவர்கள் தங்கள் சிறந்த டிஃபன்ஸ் ஜோடியை இறக்கிவிடுவார்கள். உள்ளூரில் மட்டும் மின்னுகிறவர்கள் அங்கே அகப்பட்டுக்கொள்வார்கள்.

டிஃபன்ஸ்மேன் என்றால் ஒரே ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பாருங்கள்: எதிரணி பக்கை மூலைக்குள் அடித்துவிட்டு விரட்டி வருகிறது, இவர் முதுகைக் காட்டிக்கொண்டு அதை எடுக்கப் போகிறார். பக்கைத் தொடுவதற்கு முன் எத்தனை முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார்? இரண்டு முறை பார்க்கிறவருக்கு அடுத்த பாஸ் எங்கே என்பது பக்கைத் தொடும்போதே தெரிந்திருக்கும். ஒருமுறைகூடப் பார்க்காதவர் ஜூனியரில் வேகத்தை வைத்துத் தப்பித்துவிடுவார். கல்லூரியில் 22, 23 வயது ஆள் வந்து ஐஸைச் சுற்றியுள்ள கண்ணாடிச் சுவரோடு வைத்து அழுத்தும்போது பக்கைக் கண்ணை மூடிக்கொண்டு வெளியே அடிப்பார். இப்படி 20 முறை எண்ணி, எத்தனை முறை கட்டுப்பாட்டோடு பாஸ் கொடுத்தோ தானே ஸ்கேட் செய்தோ வெளியே வந்தார், எத்தனை முறை கண்ணாடியில் அடித்துத் தள்ளினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிப் பட்டியலில் இது எங்கேயும் வராது.

இப்படிப் பார்த்துத் தேறிய டிஃபன்ஸ்மேனுக்கும் அவகாசம் கொடுக்க வேண்டும். கேல் மக்கார் 2017 டிராஃப்டில் நான்காவது ஆளாகப் போனவர். அப்படிப்பட்டவரே மாசசூசெட்ஸில் முதலாண்டில் 34 ஆட்டங்களில் 21 புள்ளிகள்தான். மறு ஆண்டு 41-இல் 49, கையில் ஹோபி பேக்கர். அந்த வயதில் டிஃபன்ஸ்மேனின் முதலாண்டுப் புள்ளியை வைத்துக் கைவிடுவது பெரும் அவசரம்.

ஃபார்வர்ட் என்றால் பக் இல்லாதபோது என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி, சிக்கலும் அங்கேதான். ஜூனியர் ஆட்டங்களைப் பெரும்பாலும் பக்கைத் தொடரும் ஒற்றைக் கேமராவில் படம் பிடிக்கிறார்கள். பையன் பின்னால் திரும்பி ஓடி வந்தானா, நின்று வேடிக்கை பார்த்தானா என்பது சட்டகத்துக்கு வெளியே நடந்துவிடும். அரங்குக்கு ஒருமுறை போக முடிந்தால், கோலுக்குப் பின்னாலோ மேல் மூலையிலோ உட்கார்ந்து ஒரு பீரியட் முழுக்க அவரை மட்டும் பாருங்கள், பக் எங்கே போனாலும் சரி. வீடியோதான் கதி என்றால், அவர் எதிரணிப் பகுதிக்குள் பக்கோடு நுழைந்த பின் எங்கே போகிறார் என்று கவனியுங்கள். சுவரோரமாகவே சுற்றி பாஸ் கொடுத்துவிடுகிறவர், அடிபட்டாலும் பரவாயில்லை என்று கோலுக்கு முன்னாலுள்ள இடத்துக்குள் வெட்டிப் போகிறவர் என்று இரண்டு வகை. இரண்டாம் வகைதான் மேல் லீக்கிலும் கோல் போடும்.

அமெரிக்க தேசிய அணி வளர்ச்சித் திட்டத்தின் பையன்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்களின் 18 வயதுக்குட்பட்ட அணி ஒவ்வொரு பருவமும் கல்லூரி அணிகளோடும் ஆடுகிறது. பெருக்கு எண்ணெல்லாம் எதற்கு? அந்த ஆட்டங்களைப் பார்த்தாலே போதும்.

கோலிகளை எடைபோட, வீடியோ தவிர மேற்சொன்ன எந்தச் சேவையும் சரிப்படாது. ஆட்டத்துக்கு 30 ஷாட் வீதம் 25 ஆட்டங்கள் என்றால் 750 ஷாட். தடுப்பு விகிதம் (வந்த ஷாட்டுகளில் தடுத்தவற்றின் பங்கு) .910-க்கும் .920-க்கும் உள்ள இடைவெளி அதில் ஏழெட்டு கோல்தான். யார் காலிலோ பட்டுத் திரும்பிய நாலு ஷாட், முன்னால் நின்ற டிஃபன்ஸ்மேன் மறைத்த மூணு ஷாட், அவ்வளவே போதும் அதைப் புரட்டிப்போட. கானர் ஹெல்லபக் யுஎஸ்எச்எல்லுக்கு ஒரு படி கீழேயுள்ள என்ஏஎச்எல்லில், டெக்சஸின் ஒடெஸாவில் ஆடினார். 2012-இல் ஐந்தாம் சுற்றில் 130-ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, மாசசூசெட்ஸ் லோவெலில் முதலாண்டில் .952, மறு ஆண்டு .941. பிறகு என்எச்எல்லின் சிறந்த கோலிக்கான வெஸினா கோப்பைகள் மூன்று. கோலி விஷயத்தில் லீக்கின் பெயரை மறந்துவிட்டு வீடியோவில் ஒன்றைப் பாருங்கள்: குறுக்குப் பாஸ் போனதும், ஷாட் வருவதற்கு முன்பே அவர் நின்று நிலைகொண்டு விட்டாரா, அல்லது சறுக்கிக்கொண்டே தடுக்கிறாரா? சறுக்கிக்கொண்டே தடுத்தது கைதட்டல் வாங்கும், ஆனால் ஷாட்டின் வேகம் கூடும்போது அது கைகொடுக்காது.

கடைசியாக, யாரும் விற்காத ஒரு தகவல் கல்லூரி அணியின் சொந்தப் பக்கத்திலேயே கிடக்கிறது: அணிப் பட்டியல். 2025-இல், கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிசெய்த ஹவுஸ் வழக்குத் தீர்வு வந்தபின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு 18 ஸ்காலர்ஷிப் என்ற பழைய வரம்பு போய், அணிக்கு 26 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஒரு இரவுக்கு உடையணிவது அதிலும் குறைவு. பட்டியலைத் திறந்து, பையன் ஆடும் இடத்தில் யார் யார் நான்காம் ஆண்டு, என்எச்எல் அணி ஏற்கனவே எடுத்து வைத்திருப்பதால் யார் பாதியில் கிளம்பக்கூடும், வேறு கல்லூரியிலிருந்து டிரான்ஸ்ஃபரில் யார் வந்தார்கள் என்று பாருங்கள். டிஃபன்ஸ்மேனானால் வலது கையா இடது கையா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வலது கை டிஃபன்ஸ்மேன்கள் எப்போதுமே தட்டுப்பாடு; அணியில் இருக்கும் இருவரில் ஒருவர் படிப்பை முடிக்கிறார் என்றால், புதிதாக வரும் சுமாரான வலது கைக்காரருக்கு அக்டோபரிலேயே மூன்றாவது ஜோடியில் இடம் உண்டு. அவரைவிடத் திறமையான இடது கைக்காரர் நான்கு சீனியர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க நேரிடும். அவரை ஜூனியரில் இன்னொரு வருடம் ஆடச் சொல்வதே நல்ல பயிற்சியாளர் எடுக்கும் முடிவு.